இருட்டுத் திரையில் ஒரு குரல்

அத்தியாயம் 16

அந்த வீட்டில் காலைச் சண்டைகளுக்குச் சத்தம் கிடையாது.

சின்னவள் குளியலறையில் நேரத்தைக் கடத்தினால் கதவைத் தட்டிப் பயனில்லை, அவள் காதில் விழாது. வெளியே இருக்கும் ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைக்க வேண்டும். உள்ளே விளக்கு சிமிட்டும். பதிலுக்கு அவள் உள்ளிருந்து கதவில் ஓங்கி ஓர் அறை விடுவாள். வரேன், கத்தாதே என்று அதற்கு அர்த்தம்.

கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணி இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். கையில் கத்தியோ கரண்டியோ இருக்கும்போது நாத்தனாரான சின்னவளிடம் பேச்சைத் தொடங்கக் கூடாது. வாதம் முற்றும்போது அவளை ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நிற்க விடவே கூடாது. தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் பட்டென்று விளக்கை அணைத்துவிடுவாள். இருட்டில் யார் கை என்ன சொன்னாலும் செல்லாது.

அண்ணிக்கு அவள் வைத்த பெயரும் கையால் வைத்ததுதான். சுட்டுவிரல் நுனியால் கண்ணுக்குக் கீழே ஒரு தொடல். சின்னவளின் கை அசையும்போது மற்றவர்கள் எல்லாரும், அவளுடைய அண்ணன் உட்பட, அவள் முகத்தைப் பார்ப்பார்கள். ஏதோ கொஞ்சம் புரிந்ததுபோல் தலையாட்டுவார்கள். புதுப்பெண்ணாக வந்தவள் மட்டும் விரல்களைப் பார்த்தாள். அதனால் அந்தப் பெயர்.

இன்று காலை விளக்கு நான்கைந்து முறை சிமிட்டிய பிறகே சின்னவள் வெளியே வந்தாள். கறுப்பில், பூவோ கோடோ இல்லாத உடை. கை தெளிவாகத் தெரிவதற்காக மேடையில் எப்போதும் அதைத்தான் போடுவாள்.

"நானும் வரேன்" என்றாள் மாமியார்.

அண்ணி சீப்பைக் கீழே வைத்தாள். "எங்கே அத்தை?"

"எங்கேன்னு கேக்குறே பாரு. என் பொண்ணு மேடை ஏறுறா. நான் வீட்ல உக்காந்து கதவைக் காவல் காக்கணுமா?"

சின்னவள் இருவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னவாம்?" என்று புருவம் கேட்டது.

"அம்மாவும் வராங்களாம்" என்றன அண்ணியின் கைகள்.

சின்னவள் ஜன்னலருகே போய் வானத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு உள்ளங்கையை நீட்டித் துளி விழுகிறதா என்று சோதித்தாள்.

"என்னடி நக்கல்?" என்றாள் மாமியார்.

"மழை வருமாம் அத்தை."

"வரட்டுமே. குடையா இல்லை நம்ம வீட்ல?"

மூவரும் சிரித்தார்கள். அன்றைய நாளில் மூவரும் சேர்ந்து சிரித்தது அப்போது மட்டும்தான்.

மாமியார் வருகிறேன் என்றது சின்ன விஷயம் இல்லை. மகள் சிறுமியாக இருந்தபோது, கையால் பேசப் பழகினால் வாய் வராமலே போய்விடும் என்று யாரோ சொன்னதை நம்பியவள் அவள். குழந்தையின் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "சொல்லு, அம்மான்னு சொல்லு" என்று வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினாள். அதைப் பற்றித் தாயும் மகளும் இதுவரை பேசிக்கொண்டதில்லை. போன வாரம்தான் மாமியார், தானாகவே வந்து, அண்ணியின் கணினி முன்னால் உட்கார்ந்து மகளின் பாடம் ஒன்றைக் கடைசிவரை பார்த்தாள். தண்ணீர் என்பதைக் கையால் சொல்லக் கற்றுக்கொண்டாள். அன்று முதல் காது நன்றாகக் கேட்கிறவர்களிடமும் கையாலேயே தண்ணீர் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பாடங்கள் சின்னவளின் உழைப்பு. காது கேளாத பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் எடுக்கும் வீடியோக்கள். திரையில் அவள் கையால் கதை சொல்வாள், சொற்களைக் காட்டுவாள். கூடவே அண்ணியின் குரல் ஓடும். அந்தக் குரல் பிள்ளைகளுக்கு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து தாமும் கற்றுக்கொள்ள வேண்டிய அப்பா அம்மாக்களுக்கு. படத்தை வெட்டி ஒட்டிச் சரிசெய்து தருவதும் அண்ணியின் வேலை. படுக்கையறை மூலையில் ஒரு மேஜை, ஒரு கணினி. அதுதான் அவள் அலுவலகம்.

இன்று பள்ளிக்குத் தேர்வுக் குழு ஒன்று வந்து அந்தப் பாடங்களைப் பார்க்கப்போகிறது. பிடித்துப்போனால் சின்னவளுக்கு நிரந்தர வேலை. பாடப் பிரிவு முழுவதற்கும் அவள் பொறுப்பு. இத்தனை நாளும் அவள் வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் ஆள்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சின்னவள் கேட்டாள். "எல்லாம் சரியாத்தானே ஓடுது? டேப்லெட்ல பாத்துட்டேதானே?"

"எல்லாம் சரி" என்றாள் அண்ணி, இரண்டு கட்டைவிரலையும் உயர்த்தி.

*

விடுமுறைக்கு முன்னால் பள்ளியில் ஒரு சிக்கல் வந்தது. பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போகும் டேப்லெட்டுகள், எல்லார் வாயிலும் டேப்கள், பழையவை. எல்லாப் பாடங்களும் அவற்றில் கொள்ளவில்லை. எதை விடுவது, எதை வைப்பது என்று கூட்டம் போட்டுப் பேசினார்கள்.

அண்ணிதான் வழி சொன்னாள். வீடியோவைச் சுருக்கி மடித்துவைக்கிற முறைக்குக் கோடெக் என்று பெயர். அதில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. அதே படம், பாதி இடம். எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டால் ஒரு பாடத்தையும் விட வேண்டாம். "இது எங்களுக்குத் தோணவே இல்லையே" என்று தலைமையாசிரியை எல்லார் முன்னிலையிலும் சொன்னார். அந்தச் சொல்லை அண்ணி வீடு வரும்வரை வாய்க்குள் மிட்டாய்போல் வைத்திருந்தாள்.

மாற்றி முடித்ததும் கணினியில் திறந்து பார்த்தாள். படம் கண்ணாடிபோல் இருந்தது. இடம் அடைக்கிறதே என்று பழைய கோப்புகளைக் கையோடு அழித்தாள். பிறகு, சோதித்தாயா என்று யாரும் கேட்டால் சோதித்தேன் என்று சொல்லவேண்டுமே என்பதற்காக, பள்ளியின் டேப் ஒன்றில் ஏற்றி ஓடவிட்டாள்.

ஓடவிட்டுவிட்டுத் துணி மடித்தாள்.

டேப் அலமாரிமேல் சாய்ந்திருந்தது. அவள் குரல் ஒவ்வொரு பாடமாகச் சொல்லிக்கொண்டே போனது. எங்கும் தடங்கல் இல்லை, திக்கல் இல்லை. கடைசிப் பாடம் முடிந்தபோது துணியும் மடித்து முடிந்திருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு வேலை முடித்த திருப்தியோடு எழுந்தாள்.

அந்த மத்தியானத்தில் தன் கண் ஒருமுறைகூட அலமாரிப் பக்கம் போகவில்லை என்பது இன்று காலை கட்டைவிரலை உயர்த்தியபோதுகூட அவளுக்கு நினைவில் இல்லை.

*

பள்ளியின் கூடம் நீளமானது. மேடையில் சின்னவளின் கைமேல் படும்படி ஒரு விளக்கு. முன்வரிசையில் குழுவினர் மூவர். பின்னால் பெற்றோரும் பிள்ளைகளும். மாமியார் கடைசி வரிசையில், மடியில் குடையோடு. அண்ணி அதற்கும் பின்னால், ஸ்விட்சுப் பலகை இருந்த சுவரோரம் நின்றாள். கேள்வி நேரம் வரும்போது மேடைக்குப் போனால் போதும்.

பாடம் திரையில் ஓடும். சின்னவள் திரைக்கு முதுகைக் காட்டி நின்று, அதே பாடத்தை நேரிலும் கையால் சொல்லுவாள். ஒத்திகை பார்த்துப் பார்த்து, திரையைத் திரும்பிப் பார்க்காமலே அதனோடு அச்சாக இணைந்து போவாள். அதுதான் அவள் வைத்திருந்த வேடிக்கை.

தலைமையாசிரியை, புரொஜெக்டரில் இணைத்திருந்த டேபைத் தொட்டார்.

"வணக்கம் செல்லங்களா! இன்னிக்கு நாம தண்ணியைப் பத்திப் பேசப்போறோம்."

அண்ணியின் குரல் கூடத்தை நிறைத்தது. திரை கறுப்பாக இருந்தது.

புரொஜெக்டர் விளக்குதான் போய்விட்டது என்று முதலில் நினைத்தாள். ஆனால் கறுப்புக்குக் கீழே, நேரம் காட்டும் மெல்லிய கோடு நகர்ந்துகொண்டிருந்தது.

"தண்ணி எங்கேருந்து வருது? மேலேருந்து. மழை!"

ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் புரிந்தது. புது மடிப்பைப் பிரிக்க இந்தப் பழைய டேபுக்குத் தெரியவில்லை. குரலின் மடிப்பை அவள் மாற்றவே இல்லை. அதனால் குரல் மட்டும் வருகிறது. அலமாரிமேல் சாய்ந்திருந்த டேப் நினைவுக்கு வந்தது. மடித்த துணிகளின் சூடுகூட நினைவுக்கு வந்தது.

மேடையில் சின்னவள் மழையைப் பெய்யவைத்துக்கொண்டிருந்தாள். விரல்கள் தலைக்கு மேலிருந்து துளித்துளியாக இறங்கின. முன்வரிசைக்காரர்கள் திரையைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள். சில பிள்ளைகள் அவளுக்குப் பின்னால் கையைக் காட்டினார்கள்.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்தது. திரையில் தெரிகிற தன்னைத்தான் காட்டுகிறார்கள் என்று எண்ணி, ஆமாம், அது நான்தான் என்பதுபோல் நெஞ்சைத் தொட்டுத் தலையசைத்துவிட்டு, மழையிலிருந்து ஆற்றுக்குப் போனாள்.

அண்ணியின் முழங்கை ஸ்விட்சுப் பலகையில் இடித்துக்கொண்டிருந்தது.

விளக்கைச் சிமிட்டினால் போதும். சின்னவள் உடனே நிறுத்துவாள், திரும்பிப் பார்ப்பாள். தினமும் குளியலறை வாசலில் செய்கிற காரியம். ஆனால் விளக்கு சிமிட்டினால் கூடத்திலுள்ள எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பும். ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நிற்பது யார் என்று பார்க்கும்.

அந்த ஒரு காரணத்துக்காக அவள் கை எழவில்லை. அதிர்ச்சியில் உறைந்துபோனாள் என்று சொல்லிக்கொண்டால் ஆறுதலாக இருக்கும். அவள் உறையவில்லை. யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு எப்படிப் போகும்? வளைஞ்சு வளைஞ்சு போகும்!" என்று அவள் குரல் குதூகலமாகக் கேட்டது. தன் குரல் இத்தனை தளுக்கானது என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

"என்னம்மா பாத்துக்கிட்டு நிக்கிறே?"

மாமியார் எழுந்து வந்திருந்தாள். மருமகளைக் குடையால் ஒதுக்கிவிட்டு, பலகையில் இருந்த எல்லா ஸ்விட்சுகளையும் உள்ளங்கையால் சேர்த்து அடித்தாள். கூடம் இருண்டு, வெளுத்து, இருண்டு, வெளுத்தது. வீட்டில் ஒருநாளும் மகளை விளக்கால் கூப்பிட்டவள் இல்லை அவள். பல்பு போய்விடும் என்பாள்.

சின்னவளின் கைகள் ஆற்றின் நடுவில் நின்றன. அவள் திரும்பிப் பார்த்தாள்.

*

தலைமையாசிரியை வேறு டேப் கொண்டுவரச் சொன்னார். அதிலும் கறுப்பு. மூன்றாவதிலும் கறுப்பு.

அண்ணி மேடைக்குப் போனாள். போகாமல் முடியாது, சின்னவளுக்குக் குரல் அவள்தான்.

அப்போது பெற்றோர் வரிசையில் ஒரு தாய் எழுந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் நின்றது.

"மேடம், வீட்லயும் இப்படித்தாங்க. லீவு விட்டதுலேருந்து குரல் மட்டும்தான் வருது."

"ஏம்மா, ஒரு போன் பண்ணிச் சொல்லக் கூடாதா?" என்றார் தலைமையாசிரியை.

"புது முறைன்னு நெனச்சோங்க. கையை நிறுத்திட்டாங்க, இனிமே காதால கேக்கப் பழக்குறாங்கன்னு. இந்தப் பக்கத்துல நாலஞ்சு பேரும் அப்படித்தான் பேசிக்கிட்டோம்." அவள் குரல் தேய்ந்தது. "டேபை இவ காதுகிட்டே வெச்சுப் பிடிப்பேன். இவ கையை ஆட்டி ஆட்டி என்னமோ கேப்பா. கேளுடீ, கையை ஆட்டாதேன்னு ரெண்டு கையையும் புடிச்சு வெச்சுக்குவேன். இப்போல்லாம் ஆட்டுறதே இல்லைங்க. நல்லா அமைதியா உக்காந்துக்கறா."

நல்லா என்ற சொல்லில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டதுபோல் நிறுத்தினாள்.

சின்னவள் அண்ணியின் தோளைத் தொட்டாள். "அவங்க என்ன சொல்றாங்க?"

அண்ணி கைகளை உயர்த்தினாள். கனத்தன.

"வீட்லயும் படம் வரலையாம்" என்றாள்.

"அவ்வளவு நேரம் பேசினாங்களே?"

"அதையேதான் சொன்னாங்க."

சின்னவள் அவளை ஒரு கணம் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்காமல் அண்ணி கூடத்தின் பக்கம் திரும்பினாள். நடுவழியில் மாமியார் நின்றிருந்தாள். அந்தத் தாய் சொன்னது முழுவதும் அவள் காதில் விழுந்திருந்தது. மருமகளின் கை எவ்வளவு சுருக்கமாக முடித்துக்கொண்டது என்பதையும் பார்த்திருந்தாள். படிக்கத் தெரியாவிட்டாலும் கடிதம் எத்தனை பக்கம் என்று தெரியாதா?

மாமியார் குடையை ஒரு நாற்காலியில் சாய்த்தாள். அந்தச் சின்னப் பெண்ணைக் காட்டினாள். அதன் தாயைக் காட்டினாள். பிறகு தன் வலது கையால் தன் இடது மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்து, நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, மகளைப் பார்த்தபடி அப்படியே நின்றாள்.

அதற்கு மொழி தேவைப்படவில்லை. சின்னவளின் முகம் வெளுத்தது. அவள் கைகள் மெல்ல முதுகுக்குப் பின்னால் போயின. யாரும் பிடித்துவிடாமல் ஒளித்துவைக்கும் குழந்தையின் கைகள்போல.

"சரி, இதை அனுப்பறதுக்கு முன்னாடி யார் சோதிச்சது?" குழுவில் கண்ணாடி போட்டவர் கேட்டார். கோபமாகக்கூட இல்லை.

அண்ணி அதைக் கையால் சொன்னாள். சின்னவள் அவளைப் பார்க்கவில்லை. ஒளித்த கைகளை முன்னால் கொண்டுவந்து, கூடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

குரல் கொடுப்பதற்கு ஒரு விதி உண்டு. அவள் சொல்கிறாள் என்று சொல்லக் கூடாது; நான் என்றே சொல்ல வேண்டும். "நீ என்னைப் பத்திப் பேசாதே. என்னைப் பேசு" என்று சின்னவளே முதல் நாள் கற்றுக்கொடுத்தது.

"இது என் பாடம்" என்றாள் அண்ணி. "சோதிக்காம கொடுத்தது என் தப்பு. பிள்ளைங்ககிட்டேயும் அம்மாக்கள்கிட்டேயும் நான் மன்னிப்புக் கேக்கணும்."

அவள் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் உண்மை. கூடத்தில் இருந்த எல்லாரும் சின்னவளைப் பார்த்தார்கள். அவளைப் பார்த்துத்தான் சிலர் முகம் சுளித்தார்கள். இன்னும் ஒரே ஒரு வாக்கியம், இவ்வளவும் அவங்க சொன்னது, இப்போ நானாச் சொல்றேன், சோதிச்சது நான்தான் என்று ஒரு வாக்கியம் சேர்த்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. கண்ணாடிக்காரர் முந்திக்கொண்டார்.

"தன் பாடத்தையே பாக்காதவங்க மத்தவங்க பாடத்துக்கு எப்படிப் பொறுப்பு எடுத்துக்க முடியும்?"

அதை மட்டும் அண்ணி ஒரு சொல் விடாமல் நாத்தனாருக்குச் சொன்னாள்.

நாளைக் காலை மறுபடி கூடுவதாக முடிவாயிற்று. படம் தெரிந்தால் பார்ப்பார்கள்.

*

பேருந்தில் மூவருக்கும் ஒரே இருக்கை கிடைத்தது. மாமியார் நடுவில். சின்னவளின் கைகள் மடியில், உள்ளங்கை மேல்நோக்கிக் கிடந்தன. அவள் பேசாமல் இருக்கிறாள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி மேஜைக்குப் போனாள். புது மடிப்பைப் பிரித்து, மறுபடி பழைய முறையில் மடிக்கும் வேலை. கணினி ஒவ்வொரு பாடமாக அரைத்துக்கொண்டிருந்தது. நடுவில் வெளியூரிலிருந்து கணவன் கூப்பிட்டான்.

"அம்மா சொன்னாங்க. இதுல என்ன இருக்கு? டேப் பழசுன்னு சொல்லிடு. கம்பெனிக்காரன் மேல போட்டுடு. பாதி உண்மைதானே அது?"

"பாதி உண்மைதான்."

"அப்புறம் என்ன? நீ ஒண்ணும் வேணும்னு பண்ணலையே."

"வேணும்னு பண்ணியிருந்தா இவ்வளவு கூசாதுங்க."

"நான் வேணா வரட்டுமா?" என்றான். வேண்டாம் என்று வைத்துவிட்டாள். வந்தால் அவன் அவள் பக்கம் நிற்பான். அதை இப்போது அவளால் பொறுக்க முடியாது.

முதல் பாடம் முடிந்தது. டேபில் ஏற்றினாள். இம்முறை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணெடுக்காமல் பார்த்தாள். படம் வந்தது. தண்ணீர், மழை, ஆறு.

பின்னால் நிழல் விழுந்தது. சின்னவள் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டித் திரையைத் தொட்டு நிறுத்தினாள்.

"விரல் ஒட்டுது பாரு. ஆறு பாம்பாயிடுச்சு. பிள்ளைங்க பாம்புல குளிக்கப் போயிடும்."

நேற்றாக இருந்தால் இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். சின்னவளின் உதடு அசையவில்லை. இருமுறை மடித்ததில் ஓரங்கள் கொஞ்சம் தேய்ந்திருந்தன. அதை ஒரு நொடியில் கண்டது அவள் கண்தான்.

"தரத்தைக் கூட்டி மறுபடி பண்றேன். சரியாயிடும்" என்றாள் அண்ணி. பிறகு, கை தானாக நிற்பதற்குள், சொல்லிவிட்டாள். "அன்னிக்கு டேப்ல நான் பாக்கலை. ஓடவிட்டுட்டு அந்தப் பக்கம் துணி மடிச்சிக்கிட்டு இருந்தேன். என் குரல் வந்துச்சு. அதுவே போதும்னு இருந்துட்டேன்."

சின்னவள் நிமிர்ந்தாள்.

"ஸ்விட்சு என் கையிலேயே இருந்துச்சு. அதையும் போடலை. அந்தம்மா சொன்னதையும் முழுசாச் சொல்லலை." தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. "அங்கே எல்லார் முன்னாடியும் நீ உன் மேல போட்டுக்கிட்டே. நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. அந்தப் பழியைச் சொன்னதே அவள் வாய்தான். அதைத் திருத்திச் சொல்லக் கையில் தெம்பில்லை.

சின்னவளின் சுட்டுவிரல் உயர்ந்தது. கண்ணுக்குக் கீழே தொட்டது. அண்ணியின் பெயர். இன்றைக்கு முதல்முறையாக அவள் அதைச் சொல்கிறாள் என்று நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது.

ஆனால் விரல் அங்கே நிற்கவில்லை. கன்னத்தின் மேல் மெதுவாக ஊர்ந்து, காதுவரை போய் நின்றது.

காதாலா சோதித்தாய் என்று கேட்கிறாளா, இனி உன் பெயர் இதுதான் என்கிறாளா, அண்ணிக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் பதில் ஒன்றுதான். தலையை ஆட்டினாள்.

சின்னவள் கணினியைக் காட்டினாள்.

"குரலை எடுத்துடு."

"எதுல?"

"எல்லாத்துலேயும். குரல் இருந்ததால்தான் அந்த அம்மாவுக்குப் பாடம் ஓடுதுன்னு தோணிச்சு. குரல் இல்லைன்னா டேப் கெட்டுப்போச்சுன்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். அவங்க பிள்ளை கையைப் புடிச்சிருக்க மாட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி, "அவங்களும் கண்ணால கத்துக்கட்டும். எழுத்து போட்டுக்கலாம்" என்றாள்.

சரியான யோசனை. மறுத்துப் பேச ஒன்றும் இல்லை. அத்தனை பாடங்களிலும் தான் இருக்கிறோம் என்ற பெருமையை அண்ணி இத்தனை நாள் எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாள் என்பது, அதை ஒவ்வொன்றாக அழிக்கும்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

கதவருகே போன சின்னவள் திரும்பினாள். "நாளைக்கு எனக்குக் குரலா நீ வர வேண்டாம். நான் எழுதிக் காட்டிக்கறேன்."

அவள் போய்விட்டாள். அண்ணி அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வலித்தது, வலிக்கு நடுவில் மெல்ல ஒன்று தட்டுப்பட்டது. சின்னவளுக்குக் குரலாகப் போகாவிட்டால் அங்கே தான் சொல்லும் நான் என்பது தானாக மட்டுமே இருக்கும். கூப்பிடாத இடத்துக்குப் போய், கண்ணாடிக்காரர் முன்னால் நின்று, சோதித்தது நான்தான் என்று சொல்லும் தைரியம் காலைவரை தங்குமா என்பதுதான் தெரியவில்லை. இன்று நாக்கு நுனிவரை வந்தது இறங்கிப்போனதை அவள் பார்த்தவள்தானே.

ஜன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. விளக்கைப் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தபோது மாமியார் உள்ளே வந்து, கட்டில் நுனியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்கவில்லை.

"ஏம்மா."

"சொல்லுங்க அத்தை."

"தப்புப் பண்ணிட்டேன்னு இதுல எப்படிச் சொல்றது?"

"எதுல?"

மாமியார் தன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். "இதுல."

அண்ணி நாற்காலியைத் திருப்பினாள். மூடிய கையை நெஞ்சில் வைத்து மெல்ல ஒரு வட்டம் போட்டாள். மாமியார் பார்த்தாள். விரலை மடக்கத் தெரியாமல் விரித்த கையோடு நெஞ்சைத் தடவினாள்.

"வயிறு வலிக்குதுன்னு சொல்ற மாதிரி இருக்கு அத்தை. மூடிக்கோங்க. இப்படி."

"இப்படியா?"

"மெதுவா. அவங்க முகத்தைப் பாத்துக்கிட்டே செய்யணும்."

மாமியார் கையை மூடினாள். வட்டம் போட்டாள். மறுபடி அண்ணி போட்டாள். எதற்காகக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தோம் என்பது மறந்துபோய், அவள் கை தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. எதிரும் புதிருமாக இருவரும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, நெஞ்சைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். மாமியாரின் கண் நிறைந்திருந்தது.

அந்தக் கண் சட்டென்று விலகி வாசல் பக்கம் போனது. அண்ணியும் திரும்பினாள்.

சின்னவள் நிலைப்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. யார் யாரிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று புரியாமல் இருவரின் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இருவரும் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். மூடிய கைகள் நெஞ்சிலேயே இருந்தன.

சின்னவளின் கை சுவரைத் தடவி, ஸ்விட்சின் மேல் போய் நின்றது. அணைத்தால் அந்தக் கைகள் சொல்வது செல்லாது; விளக்கு இன்னும் எரிந்தது.